நெகட்டிவ் ரத்த வகை: ஏழாம் மாத ஊசியைப் புகுந்த வீட்டில் போடுவதா, தாய்வீட்டில் போடுவதா?

கேள்வி: வள்ளியூர் மருமகள்

எனக்கு ஏ நெகட்டிவ். என் கணவருக்கு ஓ பாசிட்டிவ். அவர் எனக்கு அத்தை மகன். இப்போது 20-ஆவது வாரம் நடக்கிறது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்காகக் கல்லிடைக்குறிச்சியில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விடுவேன். வள்ளியூரில் என்னைப் பார்க்கும் டாக்டரம்மா 28-ஆவது வாரத்தில் ஆன்டி-டி ஊசி போட வேண்டும் என்கிறார். என் அம்மாவோ, பிள்ளை பிறந்த பிறகு போட்டால் போதாதா என்று கேட்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான்காம் மாதத்தில் கரு கலைந்து, வேறொரு மருத்துவமனையில் கருப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி செய்தார்கள். அப்போது என் ரத்த வகையை யாரும் பொருட்படுத்தவில்லை, ஊசியும் போடவில்லை. வீட்டில் இதைத் தலைப்பிள்ளை என்றே சொல்கிறார்கள். உடம்பும் அப்படித்தான் கணக்கு வைக்குமா? சொந்தத்தில் கட்டியதால்தான் ரத்தம் சேரவில்லை என்று ஆச்சி சொல்வதில் உண்மை உண்டா?

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், சேரன்மகாதேவி

மகளே, உடம்பின் கணக்கு பிள்ளையைக் கொண்டு தொடங்குவதில்லை, ரத்தம் கலந்த நாளிலிருந்து தொடங்குகிறது. கருவின் ரத்தம் பாசிட்டிவாக இருந்து, அதில் சிறிதளவு தாயின் ரத்தத்தில் கலந்தால், நெகட்டிவ் தாயின் உடம்பு அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்புப் பொருளை உண்டாக்கக்கூடும். இந்தக் கலப்பு பெரும்பாலும் பிரசவத்தின்போது நடப்பதால் முதல் குழந்தை தப்பிவிடுகிறது. அடுத்த கர்ப்பத்தில் அந்த எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகச் சென்று குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கிறது. அந்த எதிர்ப்புப் பொருள் உண்டாகாமல் தடுக்கும் இந்த ஆன்டி-டி ஊசி 1968-இல்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பு தலைப்பிள்ளை நன்றாகப் பிறந்து, அடுத்தடுத்த பிள்ளைகள் ரத்தசோகையிலும் மஞ்சள் காமாலையிலும் இறந்துபோன குடும்பங்கள் உண்டு. நான்காம் மாதக் கருச்சிதைவிலும் டி அண்ட் சி-யிலும் இந்தக் கலப்பு நேரலாம் என்பதால், அன்றே ஊசி போட்டிருக்க வேண்டும்.

அதற்காக இப்போதே கலங்க வேண்டாம். கலந்தவர் எல்லோருக்கும் எதிர்ப்புப் பொருள் உண்டாவதில்லை. இன்டைரக்ட் கூம்ப்ஸ் என்னும் பரிசோதனையை இந்த முறை செய்தார்களா என்று உங்கள் தாய் சேய் நல அட்டையைப் பாருங்கள். செய்யவில்லையென்றால் இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். பரிசோதனை முடிவு நெகட்டிவ் என்று வந்தால் எதிர்ப்புப் பொருள் இல்லை என்று அர்த்தம். 28-ஆவது வாரத்தில் ஊசிக்கு முன்னால் மீண்டும் ஒரு முறை ரத்தம் எடுத்துவிட்டு, 300 மைக்ரோகிராம் போடுவார்கள். பாசிட்டிவ் என்று வந்தால் ஊசியால் பயனில்லை. எதிர்ப்புப் பொருளின் அளவைத் திரும்பத் திரும்பப் பார்த்து, தேவைப்பட்டால் குழந்தையின் மூளை ரத்தக்குழாயை ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் கவனித்து, கருவிலுள்ள சிசுவுக்கான மருத்துவ நிபுணர் சொல்லும் இடத்தில்தான் பிரசவம் பார்க்க வேண்டும். அப்போது தாய்வீட்டு வழக்கம் இரண்டாம் பட்சம்.

உங்கள் அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: கடைசி மூன்று மாதங்களிலும் ரத்தம் சிறிது கலக்கலாம், ஏழாம் மாத ஊசி போடாதவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குப் பிரசவத்துக்கு முன்பே எதிர்ப்புப் பொருள் உண்டாகிவிடுகிறது. நம் பக்கத்தில் வளைகாப்பும் 28-ஆவது வாரமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து விழுகின்றன. அங்கே போட்டிருப்பார்கள் என்று இவரும், இங்கே போட்டிருப்பார்கள் என்று அவரும் இருந்துவிட, ஊசியே விட்டுப்போனதை நான் பணியில் கண்டிருக்கிறேன். ஆகவே வள்ளியூரிலேயே போட்டு, மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டை அட்டையில் ஒட்டித் தேதியை எழுதச் சொல்லுங்கள். இடையில் ரத்தம் பட்டாலோ வயிற்றில் அடிபட்டாலோ அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பதில்: ஆய்வக நுட்பர், பாளையங்கோட்டை

ஆச்சி சொல்வது நேர்மாறு. நெகட்டிவ் மரபணு உறவுக்குள் ஓடுவதால், பாசிட்டிவாக உள்ள அத்தை மகனிடமும் அது மறைந்திருக்க வாய்ப்புச் சற்றுக் கூடுதல். அப்படி இருந்தால் பிள்ளை நெகட்டிவாகப் பிறக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு, அந்தப் பிள்ளைக்கு இந்தத் தொல்லையே இல்லை. (சொந்தத்தில் கட்டுவதன் பிற ஆபத்துகள் வேறு கதை.)

ஊசிக்குப் பிறகு சில வாரங்களுக்குக் கூம்ப்ஸ் பரிசோதனை லேசாகப் பாசிட்டிவ் காட்டலாம். கல்லிடைக்குறிச்சியில் ரத்தம் எடுப்பவரிடம் ஊசி போட்ட தேதியைச் சொல்லாவிட்டால் வீண் பதற்றம்தான் மிஞ்சும். நம் நாட்டில் நெகட்டிவ் வகையினர் சுமார் 5 சதவீதமே என்பதால், பிரசவத் தேதியை ரத்த வங்கிக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுவதும் நல்லது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அட்டையில் கூம்ப்ஸ் பற்றி எதுவும் இல்லை. திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கிறேன். பிள்ளை பிறந்த பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்கிறார்களே, விடுமுறை நாளில் பிறந்து மருந்து கிடைக்கத் தாமதமானால் என்ன செய்வது?

பதில்: இரண்டு பிள்ளைகளின் தாய், ஆலங்குளம்

தங்கச்சி, பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் வகை பார்ப்பார்கள். பாசிட்டிவ் என்றால்தான் ஊசி. என் இளையவள் நெகட்டிவாகப் பிறந்ததால் எனக்குத் தேவைப்படவில்லை. 72 மணி நேரம் கடந்துவிட்டால் போட்டுப் பயனில்லை என்று விட்டுவிடக்கூடாது. பத்து நாட்கள் வரை போட்டாலும் ஓரளவு பயன் உண்டு என்று எங்கள் டாக்டர் சொன்னார். ஆனாலும் அந்த நிலைக்கு விடாமல், மருத்துவமனையில் மருந்து இருப்பு உண்டா என்று ஒன்பதாம் மாதமே கேட்டுக்கொள்ளுங்கள். வெளியில் வாங்கி வரச் சொன்னால், அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். என் கணவர் திருநெல்வேலியில் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பொட்டலங்களுக்கு நடுவே துணி சுற்றி வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தார். ஐஸ் நேராகப் பட்டு மருந்து உறைந்துபோனால் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் அந்தத் துணி.