கடைசி சீசன்: ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை

ரைட் பேக், மன்னார்குடி:

2018-இல் நான் மூன்றாம் ஆண்டு. டெல்டாவில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். ஜூலையில் ஹாஸ்டலில் கூடி உட்கார்ந்து உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம் பார்த்தோம். பிரான்ஸிடம் 4-2 என்று தோற்ற குரோஷியா மேல் எல்லோருக்கும் பாசம் வந்துவிட்டது. அந்த ராசியோ என்னவோ, பல்கலைக்கழக மண்டலப் போட்டியில் எங்களுக்கு வெற்றியே இல்லை.

எங்கள் பக்கம் விவசாயக் கணக்கு தெரியாமல் கால்பந்து அணி நடத்த முடியாது. முந்தின வருடம் மேட்டூரை அக்டோபரில்தான் திறந்தார்கள். வயலில் வேலை இல்லாததால் சாயங்காலம் எல்லோரும் மைதானத்துக்கு வந்தார்கள். 2018-இல் ஜூலை 19-ஆம் தேதியே திறந்தார்கள், அடுத்த சில நாளில் அணை 120 அடியை எட்டியது. ஊருக்கே சந்தோஷம், பி.டி. சாருக்கு மட்டும் கவலை. நாற்றங்கால், நடவு என்று பாதிப் பேர் பயிற்சிக்கு வரவில்லை. போதாக்குறைக்கு எங்கள் மைதானம் களிமண். ஒரு மழை பெய்தால் பூட்ஸ் உள்ளேயே நிற்கும், கால் மட்டும் வெளியே வரும்.

ஸ்டாப்பர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன், கபடிக்காரன். பந்தோடு வருகிறவனைக் கண்டால் அவன் கை தானாக இடுப்புக்குப் போய்விடும். ஒருமுறை பெனால்ட்டி ஏரியாவுக்குள் ஒருவனைப் பிடித்துவிட்டு, விசில் அடித்த பிறகும் விடவில்லை.

அப்புறம் நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயல். எங்கள் அணியில் பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கத்துத் தென்னந்தோப்புப் பையன்கள் அதிகம். ஆட்டத்தைத் தள்ளிவைத்தார்கள், சரி. புதுத் தேதியை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? கரண்ட் இல்லை, டவர் இல்லை. கேப்டன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். லெஃப்ட் விங் ஆடுகிறவன் தோப்பில் ஒரு மரம்கூட நிற்கவில்லை. புதிதாகக் கன்று வைத்தாலும் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடமாவது ஆகும். அந்த வீட்டு வாசலில் நின்று ஆட்டத்தைப் பற்றி என்ன பேசுவது? கேப்டன் பேசவில்லை. சாயங்காலம் வரை அவர்களோடு மட்டை இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினான்.

‘ஆடாமலே வாக்ஓவர் கொடுத்துவிடலாமே’ என்றது நிர்வாகம், பஸ் செலவு மிச்சமாம். ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பது விதி. எங்களிடம் ஒன்பது பேர். பி.டி. சார் சொந்தக் காசில் திருச்சிக்கு அழைத்துப் போனார். 5-1.

கோல் கீப்பர், பாபநாசம்:

மாப்ள, அந்த அஞ்சு கோலையும் வாங்கினவன் பேசுகிறேன். மேட்டூர், கஜா எல்லாம் சரி. ஆகஸ்ட்டிலும் தோற்றோமே, அப்போது புயல் எங்கே இருந்தது? பந்து எங்கேயோ அங்கேயே பத்துப் பேரும் ஓடினோம். திருச்சிப் பையன்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே முறையாகப் பயிற்சி எடுத்தவர்கள். ஒரு பக்கம் பந்தைச் சுற்றவிட்டு, நாம் கூட்டமாகச் சேர்ந்ததும் மறுபக்கம் தூக்கிப் போடுவார்கள். அந்த மறுபக்கம் யாருடைய இடம்? வலது பக்கம் நின்று தடுக்க வேண்டிய ரைட் பேக்குடையது. ஐயா கோல் போடும் ஆசையில் எதிரணி பாக்ஸில் நின்றுகொண்டிருப்பார். நடவுக்குப் போனவன் மேல் பழி போடாதே.

சார் சொந்தக் காசு போட்டது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. திரும்பும்போது பரோட்டாவும் அவர் கணக்குதான்.

எதிரணிக்காரன், திருச்சி:

டிசம்பர் ஆட்டம்தானே? ஒன்பது பேரோடு வந்தீர்கள், நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்போது எம்.ஏ. இடைவேளையில் எங்கள் கோச், ‘கோல் போதும், பந்தைச் சுற்றவிடுங்கள்’ என்றார். அது உங்களுக்கு மரியாதையா அவமானமா என்று எங்களுக்குள்ளேயே சண்டை. நான் அவமானம் என்று சொன்ன கட்சி. ஒன்பது பேர் இறங்கி ஓடுகிறபோது நாமும் ஓடியாக வேண்டும். ஐந்தாவது கோல் அடித்தவன் நான்தான், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முடிந்ததும் தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் கட்டிக் கொடுத்தோமே, வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததா?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கபடிக்காரர் கார்னரில் முட்டிய அந்த ஒரு கோல் சுத்தமான ஆஃப்சைடு, எங்கள் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னாலேயே நின்றிருந்தார். பாவம் பார்த்து விட்டுவிட்டார்கள்.

ரைட் பேக், மன்னார்குடி:

தார்ப்பாய் லெஃப்ட் விங் வீட்டுக்கே போனது, அண்ணே. ஆனால் கார்னரிலிருந்து நேராக வருகிற பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது. விதியை எடுத்துப் பாருங்கள்.