லெண்ட்-லீஸ்: ‘கடன்-குத்தகை’ பொருந்துமா?

பினாங்கிலிருந்து:

வணக்கம். பினாங்கின் போர்க்கால வரலாறு பற்றி மாணவர்களுக்கு ஒரு கையேடு எழுதி வருகிறோம். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளுக்குப் போர்ச் சரக்கு கொடுத்துதவ 1941 மார்ச் 11-இல் அமெரிக்காவில் சட்டமான லெண்ட்-லீஸ் திட்டத்துக்குப் பெரும்பாலும் ‘கடன்-குத்தகை’ என்றே எழுதுகிறார்கள். படிக்கிற பிள்ளை, அமெரிக்கா நேச நாடுகளிடம் வட்டியும் வாடகையும் வாங்கியது என்று எண்ணிக்கொள்கிறது. வேறு நல்ல சொல் உண்டா?

கோலாலம்பூரிலிருந்து:

வணக்கம் ஐயா. எனக்கும் ‘குத்தகை’ உறுத்தலாகவே இருந்தது. குத்தகை என்றால் ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசிக் கட்ட வேண்டும். இங்கே அப்படி இல்லை. 1940 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் செய்தியாளர்களிடம் இதை விளக்கிய விதத்தைப் பாருங்கள்: பக்கத்து வீடு தீப்பிடித்து எரிகிறது, என் தோட்டத்துக் குழாயைத் தூக்கிக் கொடுக்கிறேன், அதன் விலை 15 டாலரை எடு என்று அந்நேரம் கேட்பேனா, தீ அணைந்தபின் குழாய் திரும்பி வந்தால் போதும். நம் வீடுகளில் இதற்கு ‘இரவல்’ என்றுதானே பெயர்? ‘இரவலுதவி’ என்று வைக்கலாம்.

நடந்ததும் ஏறக்குறைய அதுதான். சுமார் 5,000 கோடி டாலர் மதிப்புள்ள உதவியில், போரில் தீர்ந்ததற்கும் அழிந்ததற்கும் பிரிட்டனிடம் விலை கேட்கவில்லை. சோவியத்துக்குப் போன லோரிகளும் ஜீப்புகளும் மட்டுமே 4 லட்சத்தைத் தாண்டும். அங்கே போய்ச் சேருவதே பெரும்பாடு. 1942 ஜூலையில் ஆர்க்டிக் கடலில் பிக்யூ 17 கப்பல் தொடரணி 24 சரக்குக் கப்பல்களை இழந்தது.

பிரிட்டன் 2006 வரை தவணை கட்டியதே என்று யாராவது கேட்பார்கள். அது 1946-இல் வாங்கிய தனிக் கடன். போர் முடிந்தபின் மிஞ்சிய சரக்கைத் தள்ளுபடி விலையில் எடுத்துக்கொண்ட தொகையையும் அதனுடன் சேர்த்தார்கள். அங்கே ‘கடன்’ என்றே எழுதுங்கள்.

பிரிட்டன் பதிலுக்குக் கொடுத்ததை ‘எதிர் இரவலுதவி’ எனலாம். மலாயா ஜப்பானியர் கைக்குப் போனபின் இலங்கை ரப்பர் அமெரிக்காவுக்குப் போனது இந்தக் கணக்கில்தான்.

பினாங்கிலிருந்து:

நன்றி அக்கா. ‘இரவல் சேலை’ என்ற பேச்சில் உள்ள ஏளனம் ஒட்டிக்கொள்ளுமோ என்று முதலில் தயங்கினேன். ‘உதவி’ சேர்ந்ததும் சரியாகிவிடுகிறது.

இன்னொரு சிக்கல் எங்கள் ஊர்த் துறைமுகத்திலேயே இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் இங்கே ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் தங்கின. ஜெர்மனிக்குத் திரும்பும்போது ரப்பர், வெள்ளீயம், டங்ஸ்டன், கொய்னா மருந்து எல்லாம் ஏற்றிக்கொண்டன. அதுவும் நட்பு நாடுகளுக்கு இடையே போன போர்ச் சரக்குதான், ஆனால் இரவலுதவி ஆகாது. ‘சரக்குப் பரிமாற்றம்’ என்று எழுதப் போகிறேன். 1943 ஜூலையில் இங்கே வந்து நின்ற யூ-511, ஹிட்லர் ஜப்பானுக்குக் கொடுத்தனுப்பிய கப்பல். அதற்கு ‘அன்பளிப்பு’ போதும். மாற்றுக் கருத்து இருந்தால் அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.