புதுப்பிப்பு: பெரம்பூரில் வீடு கிடைத்துவிட்டது

இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு 18,000 வாடகை கேட்கிறார்கள், குறையும்வரை பொறுக்கலாமா என்று மே மாசம் இங்கே கேட்டிருந்தேன். பொறுத்தோம். பள்ளி திறப்பதற்குள் எல்லாரும் வீடு மாறுவதால் அப்போது பேரமே எடுபடவில்லை. ஆடி பிறந்ததும் பால் காய்ச்ச ஆளில்லை. அதே வீட்டில் டூ-லெட் போர்டு தொங்கிக்கொண்டே இருந்தது. போய்ப் பேசினோம், 16,500-க்கு இறங்கினார் ஓனர். அட்வான்ஸ் மட்டும் வாங்கிக்கொண்டு, ஆவணியில் குடியேறும்வரை வாடகை கேட்கவில்லை. அந்த மனசு பெரிசு.

ஐப்பசி மழையில் தெருவைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று சொன்ன அண்ணனுக்கு: அதுவரை தாங்காது அண்ணா. ஆனால் 2015 வெள்ளத்திலும் 2023 வெள்ளத்திலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்டேன். சுவரில் கைவைத்துக் காட்டினார், முட்டிக்குக் கீழே. நாங்கள் முதல் மாடி. பைக்கை மட்டும் மேட்டில் நிறுத்தணும்.