குழாயின் உட்பரப்பில் தெரியும் பழுப்பு நிறம் எண்டோதீலியம்தானா?

கயல்விழி:
விலங்குக்குச் செயற்கை ரத்தநாளமாகப் பொருத்தி 4 வாரங்கள் கழித்து எடுத்த விரிவாக்கிய டெஃப்லான் குழாயின் நடுப்பகுதியை, எண்டோதீலியம் (ரத்தநாளத்தின் உட்பரப்பை மூடும் செல்படலம்) உருவாக்கும் ரத்த உறைவுப் புரதமான வான் வில்லிபிராண்ட் காரணிக்கான ஆன்டிபாடியால் சாயமேற்றியபோது, உட்பரப்பு நெடுகப் பழுப்பு நிறம் படிந்தது. 1973இல் ஜாஃபே குழுவினர் தொப்புள்கொடிச் சிரையிலிருந்து வளர்த்த எண்டோதீலியச் செல்களை அடையாளம் காட்டியதும் ஏறக்குறைய இதே வழியில்தான். உட்பரப்பை எண்டோதீலியம் மூடி, குழாய் ஆறிவிட்டது என்றே கருதுகிறேன்.

மாறன்:
ஜாஃபேயின் வளர்ப்புத் தட்டில் ரத்தம் ஓடவில்லை என்பதை மறந்துவிட்டீர்கள். அதே காரணி தட்டணுக்களின் துகள்களிலும் பிளாஸ்மாவிலும் இருக்கிறது. ரத்தம் பட்டவுடனேயே செயற்கைப் பரப்பில் புரதங்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஆறாத குழாயும் இப்படித்தான் பழுப்பாகத் தெரியும். நிறம் மெழுகியதுபோல் கோடாக ஓடுகிறதா, செல்லின் கருவைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக நிற்கிறதா? புள்ளிகளாக இருந்தால்தான் 1964இல் வைபெலும் பலாடேயும் விவரித்த, எண்டோதீலியச் செல்கள் இந்தக் காரணியைச் சேமிக்கும் நுண்ணுறுப்புகளை நினைக்கலாம்.

கயல்விழி:
எண்டோதீலியத்தின் இன்னொரு அடையாளப் புரதமான சி.டி.31க்கான சாயமும் ஏறியிருக்கிறதே! அது தட்டணுக்களிலும் மோனோசைட்டுகள் என்ற வெள்ளையணுக்களிலும் உண்டென்பீர்கள். அப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால் மிஞ்சுவது என்ன? எண்டோதீலியச் செல் இணைப்புகளைக் காட்டும் வி.இ.கேடெரின் என்ற புரதத்துக்கான ஆன்டிபாடிகள் பல, மனிதத் திசுவுக்கென உருவானவை. எல்லா விலங்குகளிலும் வேலை செய்வதில்லை. கையிலிருப்பதோ சில மில்லிமீட்டர் திசு.

இளவேனில்:
சாயத்துக்கு முன்னால் இடத்தைப் பாருங்கள். குழாய் ரத்தநாளத்தோடு இணையும் வெட்டுமுனையிலிருந்து ஊர்ந்து வரும் எண்டோதீலியம் மனிதர்களில் பெரும்பாலும் 1 முதல் 2 செ.மீ. வரையில் நின்றுவிடுகிறது. நடுப்பகுதிக்குச் செல்கள் வரவேண்டுமானால் சுவரின் நுண்துளைகள் வழியாகவோ ரத்தத்திலிருந்தோதான் வரவேண்டும். பபூன் குரங்குகளில் சுவரின் இழைமுடிச்சுகளுக்கிடையே 60 மைக்ரான் இடைவெளியுள்ள குழாயில், சுவரைத் துளைத்து ரத்த நுண்குழாய்கள் உள்ளே வந்தன. வழக்கமான 30 மைக்ரான் குழாயில் அவ்வாறு நிகழவில்லை. உங்கள் குழாய் எத்தனை மைக்ரான்?

கயல்விழி:
30. கருச்சாயமிட்டு மறுபடியும் பார்த்தேன்: முனைகளை ஒட்டிக் கருக்கள் வரிசையாக இருக்கின்றன, நடுவிலோ பழுப்பின் கீழ் பல இடங்களில் கருவே இல்லை. அந்த இடங்களை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் கருவும் காரணியும் ஒரே செல்லில் தெரியும் இடங்களில் மேலும் அடையாளம் கேட்பது வீண்பிடிவாதம்.

மாறன்:
தட்டணுச் சிதறல்களை ஏற்றுக்கொண்ட மோனோசைட்டிலும் கருவும் காரணியும் சேர்ந்தே தெரியும். ஒரு துண்டையேனும் ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மேலிருந்து பாருங்கள். ரத்த ஓட்டத்தின் திசையில் நீண்டு, ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்திய செல்தளம் தென்பட்டால் நானும் ஒப்புக்கொள்கிறேன்.