காத்திருப்போர் பட்டியல்: கேள்வித்தாளில் 94 பேர் ‘இல்லை’ என்றது மென்பொருளின் பிழையா? உதவி தேவை

கேட்பவர்: பதிவேட்டுப் பொறுப்பாளர், தண்டையார்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். வட சென்னையில் உள்ள ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கான காத்திருப்போர் பட்டியலைப் பராமரித்து வருகிறேன். மூட்டு மாற்று, குடலிறக்கம், பித்தப்பைக் கல் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 386 பெயர்கள் எங்கள் பதிவேட்டில் இருந்தன. அவர்களில் சிலர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வேறு மருத்துவமனையில் அறுவையை முடித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். ஓரிருவர் இறந்தே போயிருந்தார்கள். இது எதுவும் எங்களுக்குத் தெரியாததால், நாள் குறித்த பிறகும் ஆள் வராமல் அறுவை அரங்கு பல நாள்கள் வெறுமனே கிடந்தது.

அதனால் எல்லோருக்கும் குறுஞ்செய்தியில் ஒரு சுட்டியை அனுப்பி, ஆறு கேள்விகள் கொண்ட இணையப் படிவத்தை நிரப்பச் சொன்னோம். பத்து நாள்களில் 171 பேர் விடையளித்தார்கள். அவர்களில் 94 பேர் முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்திருந்தார்கள். அந்த 94 பெயர்களையும் மென்பொருள் தானாகவே ‘விலகியோர்’ பகுதிக்கு மாற்றிவிட்டது. மீதி 215 பேரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

சென்ற திங்கட்கிழமை, காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா எக்ஸ்ரே உறையை மஞ்சப்பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். நாற்காலியிலிருந்து எழுவதற்கு முதலில் என் மேசை விளிம்பைப் பிடித்தார், பிறகு சுவரைப் பிடித்தார், அதன்பின்தான் நிமிர முடிந்தது. தம் முறை எப்போது வரும் என்று கேட்டார். தேடிப் பார்த்தால் அவர் பெயர் விலகியோர் பகுதியில் இருக்கிறது. பேரன் படித்துக் காட்டியதாகவும், விடைகளைத் தாமே சொன்னதாகவும், அறுவை வேண்டாம் என்று ஒருபோதும் சொல்லவில்லை என்றும் அவர் உறுதியாகக் கூறுகிறார். மென்பொருளைச் செய்து கொடுத்தவர்களோ, பதிவில் பிழை எதுவும் இல்லை என்கிறார்கள்.

முதல் கேள்வி இதுதான்: ‘அறுவை சிகிச்சைக்காகத் தொடர்ந்து காத்திருக்க விரும்புகிறீர்களா? ஆம் / இல்லை.’

பிழை எங்கே இருக்கிறது? அந்த 94 பேரையும் பதிலே தராத 215 பேரையும் நான் என்ன செய்வது? இரவில் உறக்கம் வரவில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற செவிலியர், பெரம்பூர்

வணக்கம் தம்பி. மென்பொருளை விட்டுவிட்டு, உங்கள் முதல் கேள்வியை வலியோடு இருக்கும் ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். தொடர்ந்து காத்திருக்க விருப்பமா என்று கேட்டால், ஒன்றரை ஆண்டாக முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறுபவர் ‘இல்லை’ என்றுதான் சொல்வார். ‘இனிமேலும் என்னால் காத்திருக்க முடியாது, சீக்கிரம் செய்யுங்கள்’ என்பதுதான் அந்த ‘இல்லை’யின் பொருள். உங்கள் அலுவலகத்தில் காத்திருத்தல் என்றால் பட்டியலில் பெயர் இருத்தல். அந்த அம்மாவுக்கு அது படும் பாடு. ஆகவே யாருக்கு அவசரம் மிகுதியோ அவர்களைத்தான் உங்கள் படிவம் பொறுக்கி எடுத்து வெளியே அனுப்பியிருக்கக்கூடும் என்று அஞ்சுகிறேன். இன்றைக்கே அந்த 94 பெயர்களையும் அவரவர் பழைய வரிசை எண்ணிலேயே திரும்பச் சேர்த்துவிட்டு, அதன் பிறகு ஒவ்வொருவராக அழையுங்கள்.

நான் இங்கிலாந்தில் அரசு மருத்துவமனை ஒன்றில் பல ஆண்டுகள் பணி செய்தேன். 2023 செப்டம்பரில் அந்நாட்டு அரசு மருத்துவமனைகள் அனைத்தின் காத்திருப்புப் பட்டியலும் சேர்ந்து சுமார் 77 லட்சம் பதிவுகளைத் தொட்டது. ஒருவரே இரண்டு சிகிச்சைகளுக்குக் காத்திருந்தால் அது இரண்டு பதிவாகும் என்பதால், ஆள்களின் எண்ணிக்கை அதைவிடக் குறைவு. அங்கும் உங்களைப் போலவே குறுஞ்செய்தியில் கேள்வித்தாள் அனுப்பித்தான் பட்டியலைச் சரிபார்த்தார்கள். ஆனால் எங்கள் பிரிவில் ஒரு கட்டுப்பாடு இருந்தது: படிவத்தின் விடையை மட்டும் வைத்து எந்தப் பெயரையும் நீக்கக் கூடாது. நோயாளியிடம் பேசி, அவருடைய கோப்பை மருத்துவர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே நீக்குவோம். தானாக நீக்கும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள்.

ஆம், இல்லை என்னும் விடைகளே வேண்டாம். ‘இந்த அறுவை சிகிச்சை உங்களுக்கு இன்னும் தேவைப்படுகிறதா?’ என்று கேட்டு, ‘தேவை, நாள் கொடுங்கள்’, ‘தேவை, ஆனால் இப்போது வர இயலாது’, ‘வேறிடத்தில் செய்துகொண்டேன்’, ‘மருத்துவரிடம் பேசிய பிறகு முடிவு சொல்கிறேன்’, ‘எனக்கு வேண்டாம்’ என்று முழு வாக்கியங்களாகவே விடைகளைக் கொடுங்கள்.

இன்னொன்று உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் அதுதான் எனக்குப் பெரிய கவலை. குடலிறக்கக்காரருக்கு வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால், அது அன்றைக்கே பார்க்க வேண்டிய நிலை. பித்தப்பைக் கல் உள்ளவருக்குக் காய்ச்சல், குளிர் நடுக்கத்தோடு கண் மஞ்சளானாலும் அப்படியே. இவற்றை இரவு பதினொரு மணிக்கு ஒருவர் படிவத்தில் எழுதினால் அதை யார் படிப்பார்? ஆகவே படிவத்தின் தலைப்பிலேயே, இந்த அறிகுறிகள் இருந்தால் படிவத்தை நிரப்பாமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள் அல்லது 108-ஐ அழையுங்கள் என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

மறுமொழி: மென்பொருள் பணியாளர், திருவொற்றியூர்

அம்மா சொன்னதே முதன்மையான பிழை. நான் பேச வந்தது பதிலளிக்காத 215 பேரைப் பற்றி. அவர்கள் அக்கறையில்லாமல் இருந்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். பலருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தே இருக்காது. நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. 2024 அக்டோபர் முதல், அனுமதிப் பட்டியலில் இல்லாத சுட்டிகளைக் கொண்ட செய்திகளைத் தொலைபேசிச் சேவை நிறுவனங்களே தடுத்துவிடுகின்றன. உங்கள் படிவத்தின் முகவரி பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். அனுப்பியதற்கும் சேர்ந்ததற்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. அந்த அறிக்கையையும் எண் வாரியாகக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது நீளம். ஆங்கிலச் செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் வரை போகலாம். தமிழில் 70 இடங்கள்தான். ‘காத்திருப்போர்’ என்பது நம் கண்ணுக்கு ஏழு எழுத்து, ஆனால் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது 14 இடங்களை எடுத்துக்கொள்ளும். இதற்கு அஞ்சியே பலர் தமிழ் வாசகத்தை வெட்டி, பாதி ஆங்கிலத்தில் அனுப்புகிறார்கள். வங்கி மோசடிச் செய்திகளைப் பார்த்துப் பார்த்து நம் மக்கள் அறியாத சுட்டியைத் தொடவே அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதும்கூட. செய்தி இரண்டு மூன்று துண்டாகி, செலவு சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. மருத்துவமனையின் பெயர், நோயாளியின் ஓ.பி. சீட்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், அழைத்துச் சரிபார்க்க ஒரு தொலைபேசி எண் ஆகிய மூன்றும் தமிழிலேயே இருக்கட்டும்.

மறுமொழி: களப்பணியாளர், காசிமேடு

நான் இந்தப் பகுதியில் வீடு வீடாகச் செல்பவள். ஓ.பி. சீட்டில் எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் நோயாளியுடையது அன்று; மகனுடையதாகவோ, பக்கத்து வீட்டுக்காரருடையதாகவோ இருக்கும். விசைப்படகில் போகும் மகனின் எண் என்றால், அவர் கரை திரும்பும் வரை பல நாள்களுக்கு அதில் ஒரு செய்தியும் சேராது. நீங்கள் பத்து நாளில் படிவத்தை மூடியிருக்கிறீர்கள். அவர் வந்து பார்க்கும்போது சுட்டி வேலை செய்திருக்காது.

‘இந்த எண் யாருடையது, அவர் நோயாளிக்கு என்ன உறவு?’ என்று ஒரு கேள்வியையும், ‘விடைகளைச் சொன்னவர் யார்?’ என்று ஒரு கேள்வியையும் சேருங்கள். எந்த மாதத்தில் வர இயலும் என்றும் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பார்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கும். ஆனால் கையில் பணம் இருக்காது என்பதையும் மறந்துவிடாதீர்கள். தங்குவதற்கும் உடன் வருபவரின் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவை முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டால், கடைசி நாளில் வராமல் போவது குறையும்.

கேட்பவர்:

மூவருக்கும் என் நன்றி. நேற்றிரவே 94 பெயர்களையும் திரும்பச் சேர்த்துவிட்டேன். தானாக நீக்கும் வசதியையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். இன்று காலை முதல் இருபது பேரை அழைத்ததில் பதினேழு பேர் பேசினார்கள். அவர்களில் பதின்மூன்று பேருக்கு அறுவை தேவை. கொருக்குப்பேட்டையிலிருந்து பேசிய ஒரு பெரியவர், தாம் ‘இல்லை’ என்று போட்டதால்தான் நாங்கள் இவ்வளவு சீக்கிரம் அழைத்தோம் என்று நம்பி, வாய் நிறைய வாழ்த்தினார். அந்தக் கேள்வியை எழுதியவன் நான். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

இன்னொரு ஐயம். படிவத்தில் வலியை 0 முதல் 10 வரை குறிக்கச் சொன்னோம். அந்த எண்ணைக் கொண்டு மூட்டு மாற்றுக்காரர்களின் வரிசையை மாற்றி அமைக்கலாமா?

மறுமொழி: இயன்முறை மருத்துவர், வியாசர்பாடி

வலி எண்ணை மட்டும் வைத்து வரிசையை மாற்ற வேண்டாம். பத்து என்று போட்டால் முன்னால் வரலாம் என்பது தெருவில் பரவ ஒரு வாரம் போதும். ‘பொறுத்துக்கொள்கிறேன்’ என்று நான்கு போடும் பெண்கள், நடக்கவே முடியாத நிலையிலும் பின்னால் தள்ளப்படுவார்கள்.

முழங்காலுக்கு ஆக்ஸ்ஃபோர்டு மதிப்பெண் முறை உண்டு. 12 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 48. அதைப் பயன்படுத்த உரிமம் பெற வேண்டும். அதில் ஒரு பொறி இருக்கிறது: பழைய கணக்கில் மதிப்பெண் 12 முதல் 60 வரை போகும், கூடக்கூட நிலை மோசம் என்று பொருள், இப்போதைய கணக்கில் 48 என்பதே நல்ல நிலை. எந்தக் கணக்கு என்று பார்க்காமல் வரிசைப்படுத்தினால், உங்கள் முதல் கேள்வியில் நேர்ந்ததே மறுபடியும் நேரும். மேலும் அதில் மண்டியிட்டு எழ முடிகிறதா என்ற கேள்வி உண்டே தவிர, சம்மணமிட்டு உட்காருவதைப் பற்றியோ இந்தியக் கழிப்பறையில் குந்துவதைப் பற்றியோ கேள்வி இல்லை. நம் நோயாளிகள் முதலில் முறையிடுவது அவற்றைத்தான். ஆகவே மதிப்பெண்ணோடு, ‘கழிப்பறைக்கு யார் துணையும் இல்லாமல் போக முடிகிறதா?’, ‘சென்ற மாதம் எத்தனை நாள் வேலைக்குப் போக முடியவில்லை?’ என்னும் இரண்டையும் தனியாகக் கேளுங்கள். நிலை மோசமாகத் தெரிபவர்களை மருத்துவர் நேரில் பார்க்கட்டும். வரிசையை மாற்றுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

கேட்பவர்:

மிக்க நன்றி ஐயா. ‘விலகியோர்’ 94 பேரில் இன்று மாலை வரை 79 பேரிடம் பேசிவிட்டோம். 58 பேருக்கு அறுவை இன்னும் தேவை. 16 பேர் வேறிடத்தில் செய்துகொண்டார்கள். ஐந்து பேர் மட்டுமே வேண்டாம் என்றார்கள். அந்த 58 பேரில் குடலிறக்கக்காரர் ஒருவருக்கு வீக்கம் இரண்டு நாளாக உள்ளே போகவில்லை என்று தெரிந்து, உடனே வரச்சொல்லிச் சேர்த்துவிட்டோம்.

புதிய படிவத்தை அனுப்புவதற்கு முன், புற நோயாளிகள் வரிசையில் இருந்த ஆறு பேரிடம் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டேன். ‘இப்போது வர இயலாது’ என்றால் பெயரை எடுத்துவிடுவீர்களா என்று இருவர் கேட்டதால், ‘உங்கள் வரிசை எண் மாறாது’ என்ற வரியை அதன் கீழேயே சேர்த்துவிட்டேன்.

காசிமேட்டு அம்மாவுக்கு மார்ச்சில் ஒரு நாள் கொடுத்தோம். தடைக்காலத்தில் மகன் வீட்டில் இருப்பான், ஏப்ரல் கடைசியில் வைத்துக்கொள்ளலாமா என்று அவரே கேட்டார், அப்படியே குறித்துவிட்டோம். தொலைபேசியில் கிடைக்காதவர்களின் முகவரிகளைத் தெரு வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். களப்பணியாளர் அம்மா, ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் உடன் வர இயலுமா?

மறுமொழி: களப்பணியாளர், காசிமேடு

வருகிறேன். எட்டு மணிக்குள் தொடங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு பெண்கள் வியாபாரத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அச்சிட்ட படிவம் ஐம்பதும் பேனாவும் எடுத்து வாருங்கள்.