18 வயதுக்கு அப்புறம் எங்கே? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈசூன் அண்ணன்:

என் தம்பிக்கு ஆட்டிசம், கூடவே அறிவுத்திறன் குறைபாடும் இருக்கிறது. இப்போது இருபதுகளில் இருக்கிறான். சிறப்புப் பள்ளி இங்கே சிங்கப்பூரில் பெரும்பாலும் 18 வயதோடு முடிந்துவிடும், தொழிற்சான்றிதழ் படிப்பவர்களுக்கு 21 வரை போகும், இது உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். பள்ளிப் பேருந்து புளோக்குக்குக் கீழே வந்து நின்ற காலம்வரை எங்கள் வீட்டுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அது நின்ற பிறகும் அவன் காலையில் சட்டை மாட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு மின்தூக்கி வாசலில் போய் நிற்பான். அம்மா போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருவார். பகல்நேர நடவடிக்கை நிலையத்துக்கு, உடற்குறையுள்ளோருக்கான சேவைகளைக் கவனிக்கும் எஸ்ஜி எனேபல் அமைப்பு மூலமாக விண்ணப்பித்தோம். காத்திருக்கச் சொன்னார்கள். சரி, இடம் கிடைக்கும்வரை வேறு என்ன இருக்கிறது என்று பார்க்கலாமே என்று கிளம்பினேன்.

நடவடிக்கைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வதை அப்படியே எடுத்துப் பெரியவர்கள் முன்னால் வைக்கிற இடங்களும் இருக்கின்றன. ஓர் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன், பெயர் வேண்டாம். தாடி நரைத்த ஒருவர் வாத்துப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். முடித்ததும் சுற்றி நின்றவர்கள் கைதட்டி ‘குட் பாய்’ என்றார்கள். அவர் முகத்தைப் பார்த்தேன், எரிச்சல்தான் தெரிந்தது. என் தம்பி அந்த அறை வாசலைத் தாண்டவே இல்லை.

அப்புறம் ரெட்ஹில் பக்கம் லெங்கோக் பாருவில் இருக்கும் எனேபலிங் வில்லேஜுக்குப் போனோம், உடற்குறையுள்ளோரும் மற்றவர்களும் சேர்ந்து பயன்படுத்துகிற வளாகம். பழைய புக்கிட் மேரா தொழிற்பயிற்சிக் கழக வளாகத்தைப் புதுப்பித்து 2015-ல் திறந்தார்கள். அங்கே ஆக்டிவ்எஸ்ஜி பொது உடற்பயிற்சிக் கூடம் ஒன்று இருக்கிறது, சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் பயன்படுத்துகிற மாதிரி கருவிகள் வைத்திருக்கிறார்கள். எங்களைக் கவனித்துக்கொண்ட பயிற்றுநர் இரண்டு கருவிகளைக் காட்டி ‘எது வேண்டும்?’ என்று கேட்டார். என்னிடம் இல்லை, தம்பியிடம். அவன் பதில் சொல்ல நேரம் எடுப்பான். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, ‘சைக்கிள், சைக்கிள்’ என்று ஆரம்பித்துவிட்டார். ‘ஆன்ட்டி, கொஞ்சம் பொறுங்க’ என்று சிரித்தபடி அவரை நிறுத்திவிட்டு, அந்த மனிதர் காத்துக்கொண்டே நின்றார். கடைசியில் தம்பி போய்த் தொட்டது சைக்கிளை இல்லை, நடக்கிற இயந்திரத்தை. அம்மாவுக்கு வாயடைத்துப் போனது.

இப்போதெல்லாம் உடற்பயிற்சி முடிந்ததும் அதே வளாகத்தில் இருக்கும் ஃபேர்பிரைஸ் கடையில் தள்ளுவண்டியை அவன்தான் தள்ளுகிறான். உங்கள் வீட்டில் எது ஒத்துவந்தது, எது வரவில்லை? மனம்விட்டு எழுதுங்கள்.

தெம்பனிஸ் அம்மா:

தம்பி, அந்த வாத்துப் படத்தைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், வயது முப்பதை நெருங்குகிறது. போன தீபாவளிக்குச் சொந்தக்காரர் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெரியப்பா என்னைப் பார்த்து ‘பாப்பா சாப்பிட்டாளா?’ என்கிறார். பாப்பா அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருக்கிறாள்! நான் வாய் திறக்கும் முன்னால் அவளே ‘நான் வேலைக்குப் போறேன்’ என்றாள். கேட்ட கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் எனக்கு அதைவிடப் பொருத்தமான பதில் தோன்றியிருக்காது.

அவள் போவது பாதுகாக்கப்பட்ட வேலைக்கூடம் என்று சொல்வார்களே, வெளிவேலைக்குப் போக முடியாதவர்களுக்குப் பழக்கி வேலை கொடுக்கிற இடம், அங்கே. பொட்டலம் போடுகிற வேலை. கையில் வருவது சின்னத் தொகை, சம்பளம் என்று சொல்ல முடியாது, ஊக்கத்தொகை. அந்தக் காசில் அப்பாவுக்கு பரோட்டா வாங்கித் தருவது அவள் வழக்கம். மீதி சில்லறையை எண்ணி வாங்க அங்கேயே சொல்லிக்கொடுத்தார்கள். கடைக்காரர் குறைத்துக் கொடுத்தால் நகரமாட்டாள், பின்னால் எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் சரி.

இன்னொன்று, தெம்பனிஸில் எனேபலிங் சர்விசஸ் ஹப் என்ற உதவி நிலையம் 2023-ல் வந்தது, எஸ்பிடி என்ற தொண்டு அமைப்பு நடத்துகிறது. முழுநாள் நிலையத்தில் இடம் கிடைக்காதவர்களும் சில மணி நேரம் அங்கே போய் இருக்கலாம், ஏதாவது கற்றுக்கொள்ளலாம். என் முழங்கால் சிகிச்சைக்குப் போகும் நாளில் அவளை யாரிடம் விடுவது என்ற தலைவலி எனக்குப் போனது. அவளுக்கோ ‘அம்மா ஆஸ்பத்திரி, நான் ஹப்’ என்று பெருமை.

பிள்ளைக்கு 21 நெருங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு அப்புறம் வங்கிக் கணக்கு, சிகிச்சை மாதிரி விஷயங்களில் அப்பா அம்மா என்பதற்காக மட்டும் நாம் அவர்கள் சார்பில் முடிவெடுக்க முடியாது. சொந்தமாக முடிவெடுக்க முடியாதவர்களுக்கான மனவள ஆற்றல் சட்டப்படி நீதிமன்றத்தில் மனுப்போட்டுப் பிரதிநிதியாக நியமனம் வாங்க வேண்டும். பள்ளியிலேயே உதவித் திட்டம் உண்டு, பள்ளியை விட்டு வரும் முன்னே கேட்டுவிடுங்கள்.

சக்கர நாற்காலிக்காரன்:

பெற்றோரும் அண்ணன்மாரும் எழுதுகிறீர்கள், சந்தோஷம். நான் அந்தப் பக்கத்து ஆள். பெருமூளை வாதம், பிறந்ததிலிருந்து. இதை ஒற்றை விரலால் தட்டுகிறேன், அதனால் எழுத்துப்பிழை இருந்தால் விட்டுவிடுங்கள்.

எத்தனையோ ‘குதூகல நாள்’களுக்கு என்னை அழைத்துப் போயிருக்கிறார்கள். அழைத்துப் போவது, உட்கார வைப்பது, ஊட்டிவிடுவது, படம் எடுப்பது, திருப்பிக் கொண்டுவந்து விடுவது. எல்லாம் நல்ல மனிதர்கள், குறை சொல்ல மனம் வராது, ஆனாலும் நாள் முழுக்க நான் ஒன்றுமே செய்திருக்க மாட்டேன்.

போச்சா என்ற பந்து விளையாட்டைப் பழகிய பிறகுதான் தோற்பது என்றால் என்ன என்று தெரிந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு வெள்ளைப் பந்து, அதற்குப் பக்கத்தில் யார் பந்து நெருங்கி நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. ஒருவருக்கு ஆறு சிவப்பு, மற்றவருக்கு ஆறு நீலம். பந்து தோலால் ஆனது, கொஞ்சம் மெத்தென்று இருக்கும், குதித்து ஓடாது. கையால் எறிய முடியாதவர்கள் சரிவுப்பலகை வைத்து உருட்டுவார்கள். பலகையைப் பிடிக்கும் உதவியாளர் ஆட்டக்களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும், திரும்பிப் பார்த்தால் தண்டனை உண்டு. எனக்கு மிகப் பிடித்த விதி அதுதான். ‘இன்னும் கொஞ்சம் இடது, இல்லை, பலகையை உயர்த்து’ என்று நான் சொல்வதை அவர் செய்ய வேண்டும், அவராக ஒன்றும் முடிவு பண்ண முடியாது. வாழ்க்கையில் வேறெங்கும் எனக்குக் கிடைக்காத அதிகாரம்!

எனக்கு உதவியாளராக வருவது என் அக்கா மகன். ஆரம்பத்தில் நான் தோற்றால் அவன் முகம் வாடும், ‘பரவாயில்லை மாமா, நல்லா ஆடினீங்க’ என்பான். நல்லா ஆடவில்லை, மோசமாக ஆடினேன் என்று திட்டினேன். இப்போது அவனே ‘மூணாவது பந்தை வீணாக்கிட்டீங்க மாமா’ என்கிறான். அப்படிப் பேசுகிறவனோடு ஆடத்தான் எனக்குப் பிடிக்கிறது.

2024 பாரிஸில் ஜெரலின் டான் போச்சாவில் வெள்ளி வாங்கினார், பாராலிம்பிக்ஸ் போச்சாவில் சிங்கப்பூருக்கு அதுதான் முதல் பதக்கம். அதற்கு முன்னால் இந்த விளையாட்டைச் சொன்னால் ‘கோலியா?’ என்று கேட்டவர்கள் இப்போது நிறுத்தி விசாரிக்கிறார்கள். ஆர்வம் இருந்தால் சிங்கப்பூர் உடற்குறையுள்ளோர் விளையாட்டு மன்றத்தைக் கேளுங்கள், 1973-லிருந்து இருக்கிற அமைப்பு.

போகவர வசதி பற்றி யாராவது கேட்பீர்கள். பொதுப் பேருந்து எல்லாவற்றிலும் சாய்தளம் இருக்கிறது, ஓட்டுநர் இறங்கி வந்து போட்டுக் கொடுப்பார். சிக்கல் பேருந்தில் இல்லை. உச்ச நேரத்தில் நாற்காலி நிறுத்தும் இடத்தில் தள்ளுவண்டியோடு ஒரு தாய், பெரிய பெட்டியோடு ஒருவர், கைப்பேசியில் மூழ்கின நாலு பேர். ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்று நான் சொல்வது அவர்கள் காதில் விழுவதற்குள் என் நிறுத்தமே வந்துவிடும்.

தோ பாயோ:

எனக்குப் பார்வை இல்லை. கைப்பேசி வாசித்துக் காட்ட, கேட்டுக்கொண்டு வருகிறேன். ஒரு வேண்டுகோள், படம் போடுகிறவர்கள் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். ‘படம், படம், படம்’ என்றுதான் எனக்குக் கேட்கிறது.

ரன்னிங் ஹவர் என்று ஓட்டக் குழு ஒன்று 2009-லிருந்து நடக்கிறது. சிறப்புத் தேவை உள்ளவர்களும் மற்றவர்களும் சேர்ந்து ஓடுவார்கள். எனக்கும் வழிகாட்டிக்கும் நடுவில் ஒரு சின்னக் கயிறு, ஆளுக்கு ஒரு முனை. திருப்பம் வருவது கயிறு இழுபடுவதிலேயே தெரிந்துவிடும், மேடு பள்ளத்துக்கு மட்டும் வாயால் சொல்வார்கள். நல்ல வழிகாட்டி குறைவாகப் பேசுவார். ஒருமுறை வந்தவர் வழியில் இருந்த ஒவ்வொரு மரத்தையும் எனக்கு அறிமுகப்படுத்தினார், பாவம், மூச்சு வாங்கியது அவருக்குத்தான். இன்னொரு நாள் ஜோடி சேர்ந்தவர் தமிழ்ப் பெண். தேக்கா சந்தையில் எந்தக் கடையில் மீன் நன்றாக இருக்கும் என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே ஓடியதில் தூரம் போனதே தெரியவில்லை. இன்னும் அவள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் முதலில் விடவில்லை. ‘விழுந்தால் யார் பார்ப்பது?’ ஓடினால் எல்லாரும்தான் விழுவார்கள், கண் தெரிந்தவர்கள் விழுவதில்லையா என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை, ஆனால் காலணி வாங்கக் காசு கொடுத்தார்.

பாலிடெக்னிக் மாணவி:

நான் வார இறுதித் தொண்டூழியர். மைண்ட்ஸ் என்ற தொண்டு அமைப்பின் இளையர் குழுவில் சேர்ந்தேன், அறிவுத்திறன் குறைபாடுள்ள பெரியவர்களோடு சமைப்பது, வெளியே போவது, விளையாடுவது. முதலில் நானும் குழந்தைக் குரலில்தான் பேசினேன். ஒரு அண்ணன் யூனோ சீட்டில் என்னைத் தொடர்ந்து தோற்கடித்ததும் அந்தக் குரல் தானாகப் போய்விட்டது. அவர் ஏமாற்றுகிறார் என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.

சொல்லக் கூச்சமான விஷயம் ஒன்று. எங்களில் பலர் பள்ளிக்குக் காட்ட வேண்டிய தொண்டூழிய மணிநேரம் முடிந்ததும் மறைந்துவிடுகிறார்கள். அந்த அண்ணன் ஒவ்வொரு வாரமும் போனவர்கள் பெயரைச் சொல்லி எங்கே என்று கேட்கிறார். பரீட்சை என்று சொல்கிறோம்.

புக்கிட் பாத்தோக் மாமா:

எல்லாம் படித்தேன். உடற்பயிற்சிக் கூடம், போச்சா, ஓட்டம், வேலை. சந்தோஷம்தான். ஆனால் என் மகனை இதில் எங்கே வைப்பீர்கள்? பேச்சு கிடையாது. சாப்பிட, குளிக்க ஆள் வேண்டும். சத்தம் கூடினால் தலையைச் சுவரில் மோதுவான். 2030-க்குள் வேலை செய்யும் வயதில் இருக்கும் உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் வேலையில் இருக்க வேண்டும் என்று அரசாங்கத்தின் பெருந்திட்டத்தில் இலக்கு வைத்திருக்கிறார்கள். நல்ல இலக்கு, என் வீட்டுக்கு அதனால் ஒன்றும் இல்லை. உடற்குறையுள்ளோருக்கு ஆதரவாக நடக்கும் பர்ப்பிள் பரேட் நிகழ்ச்சிக்கு ஒருமுறை கூட்டிப்போனேன், ஒலிபெருக்கி போட்டதும் திரும்பி வந்துவிட்டோம்.

ஆகவே நானே ஒரு நடவடிக்கை கண்டுபிடித்தேன். இரட்டைமாடிப் பேருந்து. முனையத்தில் ஏறி, மேல்தளத்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து, கடைசி முனையம் வரை போய், அதே பேருந்தில் திரும்பி வருவது. சலுகை அட்டை இருப்பதால் செலவு பெரிதில்லை. மரக்கிளை கண்ணாடியில் உரசும்போது சிரிப்பான். வேறெதற்கும் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஓட்டுநர் ஒருவருக்கு எங்களைத் தெரிந்துவிட்டது, நாங்கள் மேலே போய் உட்காரும்வரை வண்டியை எடுக்கமாட்டார். ஒரு நாள் ஒரு பெண்மணி ‘பேசாமல் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதா?’ என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பின்னாலிருந்த ஒரு பள்ளிப் பையன்தான் ‘ஆன்ட்டி, இது பப்ளிக் பஸ்’ என்றான்.

தெம்பனிஸ் அம்மா:

அண்ணே, நீங்கள் சொல்வது நியாயம். அதிகக் கவனிப்பு தேவைப்படுகிறவர்களைப் பற்றி நிகழ்ச்சிப் படங்களில் பார்க்கவே முடிவதில்லை. பொங்கோல் வட்டார நூலகத்தில் சத்தம் தாங்காதவர்கள் போய் உட்கார அமைதிக் கூடுகள் வைத்திருக்கிறார்கள், 2023-ல் திறந்த நூலகம். உங்களுக்குத் தூரம்தான், ஆனால் கடைசியில் ஒரு பேருந்துப் பயணம் இருக்கிறதே, மகனுக்குப் பிடிக்கலாம்.

சக்கர நாற்காலிக்காரன்:

மாமா, அந்தப் பள்ளிப் பையன் கிடைத்தால் சொல்லுங்கள், போச்சாவுக்கு நடுவராகப் போடலாம்.

ஈசூன் அண்ணன்:

மாமா, என் தம்பிக்கு எம்ஆர்டி நிலையங்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும், பேருந்து இன்னும் பழக்கமில்லை. ஒரு நாள் உங்களோடு வரலாமா? அவனும் அதிகம் பேசமாட்டான், தொந்தரவு இருக்காது.

புக்கிட் பாத்தோக் மாமா:

தாராளமாக வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல், வேலைக்குப் போகும் கூட்டம் குறைந்த பிறகு. முன் இருக்கையில் சன்னல் ஓரம் மட்டும் என் மகனுக்கு, அதில் விட்டுக்கொடுக்கமாட்டான், இப்போதே சொல்லிவிடுகிறேன்.