மட்டை மஞ்சளானால் வேர் வாடலா? வெட்டுவதற்கு முன் ஒரு சண்டை

கொழிஞ்சாம்பாறை தோப்பு:
கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் பொள்ளாச்சிப் பக்கமும் இப்போது தென்னையைத் தாக்கும் வேர் வாடல் நோய்ப் பேச்சுதான். எங்கள் தோப்பில் வடக்கு வரிசையில் அடிமட்டைகள் மஞ்சளாகிவிட்டன. வேர் வாடல் வந்தால் மட்டை மஞ்சளாகும். மஞ்சளாகியிருக்கிறது. அப்புறம் என்ன யோசனை? வெட்டக் கூலி பேசியாச்சு.

கோபாலபுரம் வாத்தியார்:
கூலியை நிறுத்தி வையுங்க. 'வேர் வாடல் வந்தால் மஞ்சள்' என்பதை இப்போதைக்கு ஒப்புக்கொள்வோம். அதைத் திருப்பிப் போட்டு 'மஞ்சள் வந்தால் வேர் வாடல்' என்று எடுத்துக்கொண்டீங்க. அது வேறு கூற்று. சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், குறைந்தாலும், மக்னீசியம் குறைந்தாலும், வேரில் தண்ணீர் தேங்கினாலும் அடிமட்டை மஞ்சளாகும்.

பழைய பிழைதான் இது. புகை இருந்தால் நெருப்பு உண்டு. நெருப்பு இருந்தால் புகை உண்டு என்று ஆகாது, காய்ச்சிய இரும்பில் ஏது புகை? மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லும் அளவை (தர்க்க) பாடத்தில், இப்படித் தலைகீழாகச் சொல்வதும் பிழைப் பட்டியலில் இருக்கு.

ஆனைமலைச் சாரல்:
வாத்தியாரே, மணிமேகலை தென்னைக்கு உரம் வைத்தாளா? பக்கத்துத் தோப்பு முழுக்க நோய். பூச்சி வேலி பார்த்தா பறக்கும்? இந்த ஊரில் இப்போது மஞ்சள் என்றால் பெரும்பாலும் அதுதான். டெங்கு பரவும்போது காய்ச்சலைப் பார்த்ததும் டாக்டர் டெங்குவைத்தானே சந்தேகப்படுகிறார்? அவரும் தப்பா?

கோபாலபுரம் வாத்தியார்:
சந்தேகப்பட்டு ரத்தம் எடுக்கச் சொல்கிறார். கட்டிலைக் கொளுத்தச் சொல்வதில்லை. உங்க வாதத்தைத் தூக்கி நிறுத்துவது மஞ்சள் இல்லை. 'பக்கத்தில் நோய் இருக்கு, வேறு காரணத்துக்கு வாய்ப்பு குறைவு' என்று நீங்க சொல்லாமல் சேர்த்துக்கொண்ட இன்னொரு தகவல். அதை வெளியே எடுத்து வைத்தால்தானே சரிபார்க்க முடியும்? தோப்புக்காரரே, வடக்கு வரிசைக்குப் பொட்டாஷ் எப்போது வைத்தீங்க?

கொழிஞ்சாம்பாறை தோப்பு:
வைத்து ரொம்ப நாளாச்சுங்க. அந்த வரிசை பள்ளம் வேற, மழைத் தண்ணீர் நின்றது உண்மைதான்.

மீனாட்சிபுரத்தான்:
எங்க தோப்பில் மஞ்சளே இல்லை, அதனால் வேர் வாடலும் இல்லை. இதாவது சரிதானுங்களே?

கோபாலபுரம் வாத்தியார்:
போகிற வழி சரி, கிளம்பின இடம் தப்பு. நோய் வந்தால் மஞ்சள் கட்டாயம் வரும் என்றால் நீங்க சொல்வது நிற்கும். அந்தக் 'கட்டாயம்'தான் உண்மையில்லை. மேலே நான் ஒப்புக்கொண்டது வாதத்துக்காக. வேர் வாடலின் முக்கிய அடையாளம் ஓலை தொய்ந்து உள்பக்கமாக வளைந்து, விலா எலும்பு மாதிரி தெரிவது. மஞ்சள் தட்டாத மரத்திலும் அது இருக்கலாம். அண்ணாந்து ஓலையைப் பாருங்க.

ஆனைமலைச் சாரல்:
டெஸ்டில் நோய் இல்லை என்று வந்தால்? மஞ்சளைப் பற்றிக் கவலையில்லை, அப்படித்தானே?

கோபாலபுரம் வாத்தியார்:
அதுவும் ஆகாது. நோய் இல்லை என்றால் மஞ்சளுக்குக் காரணம் வேறு ஏதோ என்றுதான் அர்த்தம். அதைக் கவனிக்காவிட்டால் காய்ப்பு குறையும்.

ஆனைமலைச் சாரல்:
எனக்கு இன்னும் உடன்பாடில்லை. இது பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகை நுண்ணுயிரால் வரும் நோய், குணமாக்க மருந்து கிடையாது. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் பரப்புது. நல்ல மரம் ஒன்று வீணாகப் போனால் போகட்டும். நோய் மரம் ஒன்றை விட்டுவைத்தால் தோப்பே போகும்.

கோபாலபுரம் வாத்தியார்:
இது வாதம்! இப்போது நீங்க 'மஞ்சள், ஆகவே நோய்' என்று சொல்லவில்லை. 'நோயா என்று தெரியாது, தவறினால் எந்தப் பக்கம் நஷ்டம் அதிகம்' என்று கேட்கிறீங்க. இதோடு மோதலாம். இந்த நோய் மரத்தைச் சட்டென்று கொல்வதில்லை, வருஷக்கணக்கில் மெலிய வைக்கும். 1882 வெள்ளத்துக்குப் பிறகு கோட்டயம் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் தென்பட்டதாகச் சொல்வார்கள். கோட்டயத்தில் இன்னும் தென்னை நிற்கிறது. ஓலையைப் பார்க்கும் அளவுக்கு அவகாசம் இருக்குங்க.

கொழிஞ்சாம்பாறை தோப்பு:
பார்த்துவிட்டு வந்தேன். பள்ளத்து மரங்களில் ஓலை நேராகத்தான் இருக்கு, மஞ்சள் மட்டும்தான். மேட்டில் இரண்டு மரத்தில் நீங்க சொன்ன வளைவு தெரியுது. அதில் மஞ்சளே இல்லை! அந்த இரண்டை மட்டும் வெட்டட்டுமா?

ஆனைமலைச் சாரல்:
நாளைக்கே.

கோபாலபுரம் வாத்தியார்:
கிருஷி பவனில், அதான் வேளாண் அலுவலகத்தில், சொல்லி ஆளை வரவழைத்துக் காட்டிவிட்டு. அதுவரைக்கும் பேசிய ஆட்களை வைத்துப் பள்ளத்துக்கு வடிகால் வெட்டுங்க.